பழைய காருக்குள் ஒரு தராசு

நம் வணிகர்களில் பலருடைய வீட்டு வாசலிலோ கடைப் பின்கட்டிலோ இன்றும் ஒரு பழைய அம்பாசிடர் கார் நின்று கொண்டிருக்கிறது. தகப்பனார் காலத்தில் வாங்கிய வண்டி. மண்டிக்கும் சந்தைக்கும் போய் வந்த வண்டி. மிளகாய் வற்றலும் பருப்புச் சிப்பமும் டிக்கியில் சுமந்த வண்டி. வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு மாலை போட்டு நின்ற வண்டி. ராசியான வண்டி என்பதால் விற்க மனம் வருவதில்லை.

மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்தி விட்டது. ஆகவே புதிய வண்டி இனிக் கிடையாது. இருப்பதைப் பேணி வைத்துக் கொண்டால்தான் உண்டு.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கின்றன. காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. மேட்டில் ஏறும்போது திக்குகிறது. சிக்னலில் நின்றால் அணைந்து விடுகிறது. பெட்ரோலைக் குடிக்கிறது. இவை அனைத்துக்கும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "கார்புரேட்டர் போச்சு". உண்மையில் கார்புரேட்டர் அவ்வளவு எளிதில் போய்விடும் பொருள் அல்ல. கவனிப்பு இல்லாமல்தான் கெடுகிறது. அது என்ன வேலை செய்கிறது, உரிமையாளர் தாமே எதைக் கவனிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே விளக்குகிறோம்.

நமக்கு நேர்ந்த அனுபவம்

இந்த விஷயத்தில் நமக்கு அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை, கொள்முதலை முடித்துக் கொண்டு கடை வண்டியில் திரும்பிக் கொண்டிருந்தோம். டிக்கியில் 4 டின் நல்லெண்ணெய், பின் சீட்டில் தீப்பெட்டி பண்டல்கள். வழியெல்லாம் பெட்ரோல் வாடை. ஒரு வாரமாகவே அந்த வாடை இருந்தது. வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பி விட்டார்கள்.

டீக்கடை ஓரம் நிறுத்தியபோது உடன் வந்த கடைப்பையன்தான் முதலில் பார்த்தான். "முதலாளி, வண்டிக்கு அடியில ஒழுகுது" என்றான். என்ஜினை அணைத்து விட்டுப் பானட்டைத் தூக்கினோம். கார்புரேட்டரின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணம் நிரம்பி, பெட்ரோல் வழிந்து கொண்டிருந்தது. அது சொட்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கொதித்துக் கிடந்த புகைக்குழாய். இந்த என்ஜினில் கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்தவை. அன்று தீப்பிடிக்காதது நம் நல்ல காலம்.

வழிந்த பெட்ரோலைத் தரைக்குக் கொண்டு போய் விட வேண்டிய சிறு குழாய் அந்த வண்டியில் இல்லவே இல்லை. முன்பு எப்போதோ கழற்றிய யாரோ திரும்ப மாட்டவில்லை. கிண்ணம் வழிந்ததற்குக் காரணம், டேங்கிலிருந்து வந்த கடுகளவு துரு. அவ்வளவுதான்.

பக்கத்து ஊரிலிருந்து வந்து பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர், துருவை விரல் நுனியில் எடுத்துக் காட்டிச் சொன்னார்: "அண்ணாச்சி, உங்க தராசுத் தட்டுல அழுக்கு ஒட்டியிருந்தா எடை சரியா நிக்குமா? இதுவும் தராசுதான்." அந்த ஒரு வார்த்தை நமக்கு இந்தக் கருவியைப் புரிய வைத்தது.

எதை எதோடு நிறுக்கிறது?

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றோடு கலந்தால்தான் எரியும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். நம் கணக்கில் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 6 அடி நீளம், 6 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள ஒரு சிறு அறை நிறையக் காற்று தேவை. வண்டி மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் இந்த விகிதத்தை ஒட்டியே பெட்ரோலை நிறுத்துக் கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை.

பெட்ரோல் கூடினால் முழுதாக எரியாமல் கரும்புகையாகப் போகும். காசும் அதோடு போகும். பெட்ரோல் குறைந்தால் என்ஜின் திக்கும், சூடேறும், நாளடைவில் வால்வுகள் கருகும். கூடுதலும் நஷ்டம், குறைவும் நஷ்டம்.

காலணி வணிகர் வீட்டில் பிறந்த கருவி

பெட்ரோல் அம்பாசிடர்களில் வரும் கார்புரேட்டருக்கு எஸ்.யூ. என்று பெயர். என்ஜின் பக்கவாட்டில், சிறு குடத்தைக் கவிழ்த்து வைத்தது போன்ற வெள்ளை உலோக மூடி தெரிந்தால் அது எஸ்.யூ. தான். சில வண்டிகளில் இதைக் கழற்றி விட்டுச் சோலெக்ஸ் வகையை மாட்டியிருப்பார்கள். பிரீமியர் பத்மினியில் வருவதும் சோலெக்ஸ். அதன் அமைப்பு வேறு. இங்கே நாம் சொல்லப் போவது எஸ்.யூ. பற்றி மட்டுமே.

இதைக் கண்டுபிடித்தவர் லண்டனில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற புகழ்பெற்ற காலணிக் கடையை நடத்திய குடும்பத்தின் பிள்ளை என்பது வணிகர்களாகிய நமக்குச் சுவையான செய்தி. ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1905-இல் விண்ணப்பித்து 1906-இல் காப்புரிமை பெற்றார். தம்பி கார்ல் ஸ்கின்னரும் சேர்ந்து கொள்ள, 1910-இல் கம்பெனி பதிவாயிற்று. ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம்தான் எஸ்.யூ. ஆரம்ப காலக் கார்புரேட்டர்களில் காற்றின் அளவை உணர்வதற்குத் தோலால் ஆன துருத்தியை வைத்திருந்தார்கள். தோல் என்றால் செருப்புக் கடைக்காரருக்குத் தெரியாததா? பின்னாளில் துருத்தி போய், உலோகப் பிஸ்டன் வந்தது.

1926-இல் மோரிஸ் கார்களின் அதிபர் இந்தக் கம்பெனியை வாங்கினார். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்துத்தான் நம் நாட்டில் அம்பாசிடர் உருவாயிற்று. 1,489 சி.சி. என்ஜினோடு எஸ்.யூ. கார்புரேட்டரும் அப்படியே நம் ஊர்த் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

உள்ளே நடப்பது என்ன?

கவிழ்த்த குடத்துக்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஏறி இறங்கும். அதன் அடியில் ஒரு பித்தளை ஊசி நீட்டிக் கொண்டிருக்கும். அந்த ஊசி, கீழே உள்ள ஜெட் என்னும் துளைக்குள் இறங்கி நிற்கும். ஊசி மேலே பருமனாகவும் நுனிக்குப் போகப் போக மெலிந்தும் இருக்கும்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் அதிகக் காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் பிஸ்டன் மேலே எழும். கூடவே ஊசியும் எழும். ஊசியின் மெலிந்த பகுதி துளைக்கு வரும்போது சுற்றியுள்ள இடைவெளி கூடி, பெட்ரோல் அதிகமாக வரும். காலை எடுத்தால் பிஸ்டன் இறங்கும், பெட்ரோல் குறையும். தராசின் ஒரு தட்டில் காற்று, மறு தட்டில் பெட்ரோல். முள்ளாக நிற்பது இந்த ஊசி.

ஜெட்டின் துளை 0.090 அங்குலம். அதாவது சுமார் 2.3 மில்லிமீட்டர். ஊசியின் பருமன் ஒவ்வொரு இடத்திலும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டுச் செய்யப்பட்டது. இவ்வளவு நுட்பமான முள்ளை எமரித் தாளால் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். எடைக்கல்லை அரத்தால் ராவுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

பக்கத்தில் உள்ள கிண்ணம் மிதவை அறை. பெட்ரோல் நிரம்பினால் மிதவை உயர்ந்து, ஒரு சிறு முள்வால்வை அழுத்தி வரத்தை அடைக்கும். குறைந்தால் திறந்து விடும். வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வு போலத்தான்.

முதலில் மற்றவற்றைப் பாருங்கள்

சரக்கு எடை குறைந்தால் உடனே தராசைக் குற்றம் சொல்வதில்லை. மூட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம். கார்புரேட்டரிலும் அதே முறை. கைவைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. ஸ்பார்க் ப்ளக். இடைவெளி 0.025 அங்குலம் இருக்க வேண்டும்.

2. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட். இடைவெளி 0.015 அங்குலம். கருகியிருந்தால் மாற்றி விடுங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லப்படுவதில் பல பாயிண்ட் கோளாறாகவே இருக்கும்.

3. ஏர் ஃபில்டர். மாவு மில், மிளகாய் மண்டி, சிமெண்டுக் கடை அருகே நிற்கும் வண்டிக்கு மற்றவர்களைவிட அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். எண்ணெய்த் தொட்டி வகை ஃபில்டராக இருந்தால் அடியில் படிந்த சேற்றை வழித்து எடுத்து விட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள்.

4. பெட்ரோல் பம்ப்பில் உள்ள வலை, பெட்ரோல் குழாய்கள், அவற்றின் கிளிப்புகள். டேங்கில் துரு இருந்தால் டேங்கைக் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது வீண் செலவு.

5. கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் இடத்தில் உள்ள கேஸ்கட். அது கிழிந்திருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். என்ஜின் ஓடும்போது அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டால், ஓட்டம் மாறுவதிலிருந்து கசிவைக் கண்டுபிடிக்கலாம். இதற்குப் பெட்ரோலை ஊற்றிப் பார்க்கும் வழக்கம் ஆபத்தானது.

இவை சரியாக இருந்தும் குறை நீங்கவில்லை என்றால்தான் கார்புரேட்டரிடம் வர வேண்டும்.

மாதம் ஒரு முறை: எண்ணெய்

கவிழ்த்த குடத்தின் உச்சியில் ஒரு சிறு திருகு மூடி உண்டு. அதைக் கழற்றினால் அடியில் ஒரு கம்பியும் சிறு தம்பம் போன்ற துண்டும் வெளியே வரும். இதை டேம்பர் என்பார்கள். உள்ளே எண்ணெய் இருக்க வேண்டும். திடீரென்று ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளிக் குதிக்காமல் நிதானமாக எழச் செய்வது இந்த எண்ணெய்தான். எண்ணெய் வற்றிய வண்டி, மிதித்தவுடன் ஒரு கணம் இழுவை இல்லாமல் தயங்கும். பெரிய ரிப்பேர் என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு.

எஸ்.ஏ.இ. 20 தர என்ஜின் எண்ணெய் ஏற்றது. டேம்பரைத் திரும்ப விடும்போது, மூடி உட்காருவதற்குக் கால் அங்குலம் இருக்கையிலேயே கைக்கு ஒரு தடை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். வழிய வழிய ஊற்றினாலும் பயன் இல்லை. மிஞ்சியது என்ஜினுக்குள் போய் எரிந்து விடும். கிரீசோ தடித்த கியர் எண்ணெயோ போடக் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை: பிஸ்டன் சுத்தம்

இந்த வேலையைப் பொறுமை உள்ளவர் யாரும் செய்யலாம். என்ஜின் நன்கு ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில், பாட்டரி இணைப்பைக் கழற்றி விட்டுச் செய்யுங்கள். பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும்.

முதலில் குடத்தின் விளிம்பிலும் அடிப்பாகத்திலும் நேருக்கு நேர் ஓர் அடையாளக் கோடு போட்டுக் கொள்ளுங்கள். திரும்ப அதே திசையில் உட்கார வேண்டும். பிறகு டேம்பரை எடுத்து விட்டு, திருகாணிகளைக் கழற்றி, குடத்தை நேராக மேலே தூக்குங்கள். உள்ளே ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதை எடுத்து வைத்து விட்டு, பிஸ்டனை ஊசி வளையாதபடி செங்குத்தாகத் தூக்குங்கள். அதன் தண்டுக்குள் உள்ள எண்ணெயைக் கொட்டி விட்டு, ஒரு டம்ளரின் வாய் மேல் வைத்தால் ஊசி அடிபடாமல் தொங்கும்.

குடத்தின் உட்புறத்தையும் பிஸ்டனையும் பெட்ரோலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். எமரித் தாள், கம்பி பிரஷ், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் வேண்டாம். பிஸ்டனின் நடுத் தண்டில் மட்டும் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். பிஸ்டனின் வெளி விளிம்பிலும் குடத்தின் சுவரிலும் எண்ணெய் படக் கூடாது. பட்டால் தூசியைப் பிடித்து வைத்துக் கொண்டு பிஸ்டனைச் சிக்க வைக்கும்.

ஒரு முக்கியமான செய்தி: குடமும் பிஸ்டனும் ஒன்றுக்கு ஒன்று பொருத்திச் செய்யப்பட்ட ஜோடி. ஒரு வண்டியின் குடத்தை இன்னொரு வண்டியின் பிஸ்டனோடு சேர்க்க முடியாது. பழைய சாமான் கடையில் வாங்கினாலும் ஜோடியாகவே வாங்க வேண்டும்.

எல்லாம் மாட்டிய பின் சோதனை எளிது. பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டு விடுங்கள். "டக்" என்ற தெளிவான ஓசையோடு அடியில் விழ வேண்டும். ஓசை வராமல் மெல்ல இறங்கினாலோ பாதியில் நின்றாலோ அழுக்கு இருக்கிறது, அல்லது ஊசி வளைந்திருக்கிறது, அல்லது ஜெட் நடுவில் இல்லை. துடைத்த பிறகும் அப்படியே இருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஜெட்டை நடுவில் நிறுத்துவது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

மிதவை அறை

நமக்கு நேர்ந்த ஆபத்து இங்கிருந்துதான் வந்தது. அறையின் மூடியைக் கழற்றினால் அதன் அடியில் மிதவை தொங்கும். அறையின் அடியில் படிந்த துரு, மண், தண்ணீர்த் துளிகளைத் துடைத்து எடுங்கள். முள்வால்வை வெளியே எடுத்து அதன் கூம்பு முனையைப் பாருங்கள். சுற்றிலும் பள்ளம் விழுந்திருந்தால் அது இனி அடைக்காது. முள்ளையும் அது உட்காரும் பீடத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முள்ளை மட்டும் மாற்றினால் சில நாளில் மீண்டும் ஒழுகும்.

மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் கைப்பிடிக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அங்குலத்தில் 8-இல் 1 முதல் 16-இல் 3 பங்கு வரை இருக்க வேண்டும்.

மூடியில் உள்ள வழிவுக் குழாய் இருக்கிறதா, அடைபடாமல் இருக்கிறதா, அதன் கடைசி முனை புகைக்குழாய்க்கு விலகித் தரையை நோக்கி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கார்புரேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் உள்ள தகட்டுத் தடுப்பும் இருக்க வேண்டும். "இது சும்மா இடைஞ்சல்" என்று கழற்றி எறிபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கலவையைச் சரிபார்ப்பது

கார்புரேட்டரின் அடியில் ஆறு பட்டை நட்டு ஒன்று உண்டு. அதை மேலே ஏற்றினால் ஜெட் உயர்ந்து பெட்ரோல் குறையும். கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். எந்த நேரத்திலும் ஒரு பட்டைக்கு மேல் திருப்பாதீர்கள். ஒவ்வொரு பட்டைக்கும் சில நொடி காத்திருந்து ஓட்டத்தைக் கேளுங்கள். யாரோ திருப்பித் திருப்பி நிலை தெரியாமல் போயிருந்தால், நட்டை மேலே முழுதாக ஏற்றி, ஜெட் உள்தரையோடு சமமாக வந்த பின் 12 பட்டை, அதாவது 2 முழுச் சுற்று, கீழே இறக்கினால் தொடக்க நிலை கிடைக்கும்.

என்ஜின் சூடாகி இருக்க வேண்டும். சோக் கம்பி முழுதாகத் திரும்பியிருக்க வேண்டும். எஸ்.யூ.வில் சோக்கை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கிப் பெட்ரோலைக் கூட்டும். கம்பி பாதியில் சிக்கி நின்றால் நாள் முழுவதும் வண்டி கூடுதல் பெட்ரோலில் ஓடும். பெட்ரோல் குடிக்கிறது என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பிஸ்டனை மிகக் கொஞ்சமாக, அங்குலத்தில் 32-இல் 1 பங்கு அளவுக்கு, உயர்த்திப் பாருங்கள்.

ஓட்டம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். நட்டை ஒரு பட்டை ஏற்றுங்கள்.

ஓட்டம் உடனே குறைந்து அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை. ஒரு பட்டை இறக்குங்கள்.

ஒரு கணம் லேசாகக் கூடி, பிறகு பழையபடி வந்தால் முள் நடுவில் நிற்கிறது. கையை எடுத்து விடுங்கள்.

சில நாள் ஓட்டிய பின் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் முடிவு தெரியும். கரி போல் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துச் சுண்ணாம்பு போல் இருந்தால் குறைவு. மல்லித்தூள் நிறத்தில் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி.

ஒரு எச்சரிக்கை. ஷட்டர் போட்ட குடோனுக்குள் என்ஜினை ஓட விட்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்று விடும்.

இன்றைய பெட்ரோலும் அன்றைய வண்டியும்

பழைய வண்டிக்காரர்கள் அறிய வேண்டிய புதிய செய்தி இது. 2023 முதல் படிப்படியாக வந்து, 2025-இல் நாடெங்கும் பரவிய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அம்பாசிடர் என்ஜின் உருவான காலத்தில் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். 1 கிலோவுக்கு 9 கிலோ காற்றே போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 கிலோ. ஆகவே பழைய அளவில் வைத்த ஜெட், புதிய பெட்ரோலைப் போதாமல் கொடுக்கும். சரக்கு மாறியிருக்கிறது, படி மாறவில்லை. ஒன்றிரண்டு பட்டை இறக்கி, மேலே சொன்ன சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பது நல்லது.

அதைவிட முக்கியம் ரப்பர். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உப்பச் செய்து விரிசல் விடச் செய்யும். தக்கையால் ஆன கேஸ்கட்டுகளைக் கெடுக்கும். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும். பெட்ரோல் குழாய்களை எத்தனாலுக்குத் தாங்கும் ரகமாக ஒரு முறை மாற்றி விடுங்கள். முதல் சில மாதம் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள்.

எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். உப்பு மூட்டையைத் திறந்து வைத்தால் கசிவது போல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எடுக்கும் வண்டியில் நீண்ட நாள் நின்ற பெட்ரோலின் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கக் கூடும். மாதக் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் மிதவை அறையை வடித்து விடுங்கள். இல்லையேல் வாரம் ஒரு நாள் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

ஊசியைத் தேய்க்காதீர்கள். ஜெட் துளைக்குள் கம்பியோ குண்டூசியோ விட்டுக் குத்தாதீர்கள். மைலேஜுக்காக நட்டை மேலே ஏற்றிக் கொண்டே போகாதீர்கள். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு வால்வு வேலையில் போய்விடும். ஒழுகும் வண்டியை "கடை வரைக்கும்தானே" என்று ஓட்டாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி விட்டு ஓட்டாதீர்கள். வேறு வகைக் கார்புரேட்டர் மாட்டினாலும் கழற்றிய எஸ்.யூ.வைப் பழைய இரும்புக்குப் போட்டு விடாதீர்கள்.

இந்தக் கடைசிக்குக் காரணம் உண்டு. 2021-இல் மத்திய அரசு கொண்டு வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல அமைப்பு பெரிதும் மாறாத காரை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். அவ்வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் தருகிறார்கள். விதியில் கண்ட கட்டணம் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் விண்டேஜாகப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ சாலையில் எடுக்க முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. இன்னும் சரக்கு வாங்கப் போகும் வண்டி என்றால் யோசித்து முடிவு செய்யுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்க வேண்டிய வண்டி, கலவை தவறியதால் 8 கொடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால் 50 லிட்டருக்குப் பதில் 62.5 லிட்டர் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்கிட்டாலும் மாதம் 1,250 ரூபாய், ஆண்டுக்கு 15,000 ரூபாய் புகையாகப் போகிறது. டேம்பருக்கு ஊற்றும் எண்ணெய் சில சொட்டு. துடைக்கும் துணி பழைய வேட்டித் துண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செலவு இவ்வளவுதான்.

காசுக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று அந்தப் பையன் கவனித்திராவிட்டால், எண்ணெய் டின்னும் தீப்பெட்டியும் ஏற்றிய அந்த வண்டி என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறோம். அதன் பிறகு நம் கடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. காலையில் கடை திறந்து தராசுத் தட்டுகளைத் துடைத்து முள் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அதே பையன், வண்டி கிளம்புவதற்கு முன் பானட்டைத் தூக்கி, வாடை வருகிறதா, ஈரம் தெரிகிறதா என்றும் பார்த்து விடுகிறான். ஒரு நிமிட வேலை. பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நாளை காலையே இந்த வழக்கத்தைத் தொடங்கலாம்.